மகளுக்கு லேப்டாப் வாங்கின கதை

பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதா? சந்தோஷம்! ஃபீஸ் கட்டியாச்சு, ஹாஸ்டலுக்குப் பெட்டி, பக்கெட், கொசுவலை எல்லாம் வாங்கியாச்சு, அப்பாடா என்று உட்காரும்போது, "அம்மா, லேப்டாப்?" என்று ஒரு குரல் வரும். எங்கள் வீட்டில் 2025 ஜூன் மாசம் வந்தது. சின்னவள் திருச்சியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தாள்.

நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். லேப்டாப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "ரசப்பொடி, பிரசவ லேகியம்னு எழுதிட்டிருந்தே. இதையும் விட்டு வைக்கலையா?" என்றார். சிரிக்கட்டும். ஒரு தடவை தப்பாக வாங்கி, பணத்தோடு பிள்ளையின் ஒரு பேப்பரையும் தொலைத்தவள் என்கிற தகுதி எனக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020-ல் பெரியவன் இஞ்சினீயரிங் இரண்டாம் வருஷம். அதுவரை காலேஜில் இருக்கிற கம்ப்யூட்டரை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தான். கொரோனா வந்து காலேஜை மூடி, பாடமெல்லாம் வீட்டிலிருந்தே என்று ஆனதும், அவசர அவசரமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று 29,000 ரூபாய், இன்னொன்று 33,000. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"என்ன வித்தியாசம் தம்பி?" என்று கேட்டேன்.

"இதுல 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். அதுல 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.ம்மா."

1 டி.பி. என்றால் ஆயிரம் ஜி.பி.யாம். ஆயிரம் பெரிசா, 256 பெரிசா? விலையும் குறைவு, இடமும் ஜாஸ்தி! பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை. 29,000 ரூபாய் லேப்டாப்பையே எடுத்து, பேரம் பேசி, பை, மௌஸ், ஹெட்போன், பென் டிரைவ் எல்லாம் இனாமாக வாங்கிக்கொண்டு, ரொம்பக் கெட்டிக்காரி என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

அது ஸ்விட்ச் போட்டால் எழுந்திருக்கவே ஒரு குளியல் நேரம் ஆகும். பாடத்தையும் நோட்ஸையும் ஒரே சமயத்தில் திறந்தால் அப்படியே மலைத்து நிற்கும். 2021-ல் ஆன்லைன் பரீட்சை. விடையைத் தாளில் எழுதி, போட்டோ பிடித்து, ஒன்றாகச் சேர்த்து, குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அன்றைக்குப் பார்த்து அது பதினைந்து நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் தாண்டிவிட்டது. எழுதியும் அரியர். அதை அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்துவிட்டான். ஆனால் அரியர் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று சொன்ன முதல் கம்பெனி இண்டர்வியூவுக்கு அவன் உட்கார முடியவில்லை. நான் மிச்சம் பிடித்த 4,000 ரூபாய் அது.

பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "எவ்வளவு ஆனாலும் சரி, ரேமைக் கூட்டிக் கொடுங்க" என்றேன். திறந்து காட்டினார். ரேம் தனியாகவே இல்லை. போர்டோடு போர்டாகப் பற்றவைத்திருந்தது. இன்னொன்றைச் செருக இடமும் கிடையாது. "இதை ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வேணும்னா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுத் தரேன்" என்றார். 2,500 ரூபாயில் 240 ஜி.பி. போட்டார். அதற்கப்புறம் ஸ்விட்ச் போட்ட அரை நிமிஷத்தில் எழுந்துகொள்கிறது! ஆனால் மலைத்து நிற்பது மட்டும் முழுசாகப் போகவில்லை.

அன்றைக்கு அந்தக் கடையில் நின்றபடியே ஒன்று புரிந்தது. லேப்டாப்பில் சில சமாசாரங்களை அப்புறமாக மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை வாங்குகிற அன்றைக்கு விட்டால் விட்டதுதான். கூடப் பணம் கொடுப்பதானால் இந்த இரண்டாவது வகைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். கடையில் நமக்கு இனாம் என்று காட்டுவதோ முதல் வகையை!

இந்த ரேம், எஸ்.எஸ்.டி. என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டில் அண்டா அண்டாவாக இருக்கிறதே, அதுதான் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும். பாட்டு, படம், பாடம், புரோகிராம் எல்லாம் அங்கேதான் தங்கும். முன்னால் விரித்திருக்கும் இலை ரேம். சாப்பிடுகிறவர் பிராசஸர். அண்டா எத்தனை பெரிசாக இருந்தால் என்ன, இலை உள்ளங்கை அகலம் என்றால்? பாயசம் கேட்டால் பொரியலை எடுத்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். பொரியல் கேட்டால் மறுபடி ஓடி வர வேண்டும். என் பிள்ளையின் லேப்டாப் செய்துகொண்டிருந்தது அதைத்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ளே தட்டு சுழன்று, முள் நகர்ந்து எடுத்துத் தர வேண்டும், கிராமபோன் மாதிரி. அதாவது சமையல்கட்டு தெருக்கோடியில் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலுகிற பாகமே கிடையாது. சமையல்கட்டு அடுத்த அறைக்கு வந்துவிடுகிறது.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அது எழுந்து உட்கார மட்டும்தான். பி.காம்., பி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு 8 ஜி.பி. தாராளம். டேலி, எக்செல், டைப் அடிப்பது, பாடம் பார்ப்பது எல்லாம் நடக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் மூன்றாம் வருஷம் மொபைல் ஆப் செய்யச் சொல்லுவார்கள். அதற்கான ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்கே 16 ஜி.பி. இருந்தால் நல்லது.

சரி, சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் சீட்டுப் பணம் 50,000 ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, வளையலைத் தொடுவதாகவும் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஓர் ஆசை. சின்னவளுக்குத் தொட்டால் நகர்கிற ஸ்கிரீன், அப்படியே பின்னால் மடங்குகிற மாதிரி வேண்டும். இவருக்கு, "எதுக்கும் இருக்கட்டும்", 1 டி.பி. வேண்டும். நாத்தனார் மகன் வைத்திருக்கிறானே, கிராஃபிக்ஸ் கார்டு போட்டது, அந்த மாதிரிதான் வாங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு யோசனை வேறு!

நாத்தனார் மகன் படிப்பது ஆர்க்கிடெக்சர். கட்டடத்தை ஸ்கிரீனிலேயே எழுப்பி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற படிப்பு. சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கும் அந்த மாதிரி வேலை கொஞ்சம் உண்டு. அவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு பிரயோஜனம்தான். அதுவும் பிறகு மாட்டிக்கொள்ள முடியாத பாகம். ஆதலால் ஆர்க்கிடெக்சர் பிள்ளையின் அம்மா மற்ற எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்கக் கூடாது. என் பெண்ணுக்கு அது விளையாட்டுக்கு மட்டும்தான் ஆகும். தவிர, அதன் கனம் இருக்கிறதே! அவன் லேப்டாப்பும் சார்ஜருமாகப் பையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ அரிசி வாங்கி வருகிற மாதிரி இருந்தது. சின்னவளுக்கு ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு இருபது நிமிஷ நடை, வகுப்பு மூன்றாவது மாடியில். கனத்தையும் அப்புறம் குறைக்க முடியாதே!

தொடு ஸ்கிரீனுக்கு விலையைக் கேட்டதும் சின்னவளே, "வேண்டாம்மா" என்றுவிட்டாள். கொஞ்சம் முகம் வாடித்தான் சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியவன் ஓசூரிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். நம்முடைய மளிகை லிஸ்ட் மாதிரிதான். மாற்ற முடியாதது ஒரு பக்கம், மாற்றக்கூடியது ஒரு பக்கம். காலேஜில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அடியில். சிலபஸில் எந்தெந்த புரோகிராம் வருகிறது என்று டிபார்ட்மெண்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். நம் தமிழ்நாட்டில் 2011-லிருந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் காலேஜ் பிள்ளைகளுக்கு என்று அறிவித்தார்கள். உங்கள் பிள்ளையின் காலேஜுக்கு அப்படி ஏதாவது உண்டா, எப்போது என்று விசாரிக்காமல் பர்ஸைத் திறக்க வேண்டாம். எங்களுடையது தனியார் காலேஜ். இல்லை என்றார்கள்.

கடையில் இந்தத் தடவை நாங்கள் நாலு பேரும் போனோம். விற்பனைக்கு நின்ற தம்பி நல்ல மாதிரி. ஆனால் பெரியவன், "இதுல ரேம் ஸ்லாட்டுல இருக்கா, போர்டோட சேர்ந்ததா?" என்று கேட்டதும் விழித்தது. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "கூட்டிக்கலாம்னு நினைக்கிறேன் சார்" என்றது. நினைக்கிறேனாம்! பெரியவன் மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினான். டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று வந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி என்று தொட்டால், அடியில் ஸ்லாட் எத்தனை, உபயோகத்தில் எத்தனை என்று எழுதியிருக்கிறது. ஒன்றில், இரண்டில் ஒன்று காலி என்று வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், நாமே பார்த்துக்கொள்ளலாம். எடை குறைந்த மெல்லிசு மாடல்களில் பெரும்பாலும் ரேம் ஒட்டினதாகத்தான் இருக்கிறது. அப்படி ஒட்டினது வாங்கினால், நாலு வருஷத்துக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும்.

பிராசஸர் விஷயம் சுருக்கமாக. ஐ3, ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பக்கத்தில் நம்பர் இருக்கும். 1235 என்றால் 12-வது தலைமுறை. பழைய தலைமுறை ஐ5-ஐ விடப் புதுத் தலைமுறை ஐ3 சில சமயம் வேகமாக இருக்கும். கடைசியில் யு என்ற எழுத்து இருந்தால் கரண்டைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஹெச் என்று இருந்தால் சக்தி ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி, பேட்டரி சீக்கிரம் இறங்கும். இதையும் பிறகு மாற்ற முடியாது. நாங்கள் ஐ5, யு எழுத்து, 12-வது தலைமுறையில் நின்றோம்.

ஸ்கிரீன் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை! அதைத்தானே பிள்ளை நாலு வருஷம் முறைத்துப் பார்க்கப் போகிறது? கடைக்குள் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். வாசல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். ஐ.பி.எஸ். என்று போட்டது பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. மட்டமானது வெளுத்துப் போகும். வெளிச்சத்தை நிட்ஸ் என்று ஓர் அளவில் சொல்கிறார்கள். 250-ஐ விட 300 நல்லது. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னுகிற ஸ்கிரீன் வேண்டாம், ஜன்னலும் டியூப் லைட்டும் அதில் தெரிந்து கண்ணைப் பிடுங்கும். 14 இஞ்ச், 15.6 இஞ்ச் இரண்டும் இருந்தன. சின்னவள் குள்ளம், தோளும் சின்னது. 14 இஞ்ச் எடுத்தோம், ஒன்றரைக் கிலோ.

கீபோர்டில் எழுத்துக்கு அடியில் விளக்கு எரிவதற்கு இன்னொரு 700 ரூபாய் என்றார்கள். "இதெல்லாம் பகட்டு" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். சின்னவள்தான், "ஹாஸ்டல்ல பத்தரைக்கு லைட்டை அணைச்சிடுவாங்கப்பா" என்றாள். இதுவும் பிறகு வைத்துக்கொள்ள முடியாத வகை. சரி என்றோம்.

512 ஜி.பி.க்குப் பதில் 1 டி.பி. என்றால் 4,000 ரூபாய் கூட. அதைத்தான் வேண்டாம் என்றேன். இவருக்குக் கொஞ்சம் வருத்தம். எஸ்.எஸ்.டி. கழற்றி மாற்றக்கூடிய பாகம். எங்கள் மாடலில் இன்னொன்று செருகவும் இடம் இருந்தது. போட்டோ, சினிமா என்று நிறைந்தால் வெளியே தனியாக ஒரு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். முதல் வருஷம் முடிகிற வரை சின்னவள் பாதிகூட நிரப்பவில்லை. ஒரு வேடிக்கை, வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் 512 இல்லை, 476-தான் இருக்கிறது! எடையில் குறைத்துவிட்டான் என்று நான் கடைக்குப் போன் போடப் போனேன். பெரியவன் தடுத்தான். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான், ஒன்றும் குறையவில்லை என்றான். நல்ல வேளை, போன் போடவில்லை.

ரேம்தான் கடைசி. 8 ஜி.பி.யோடு, விளக்குக் கீபோர்டும் சேர்ந்து, லேப்டாப் 44,000 ரூபாய். கம்பெனியிலிருந்தே 16 ஜி.பி. போட்டு வந்த மாடல் 48,500. ஸ்லாட்தான் காலியாக இருக்கிறதே, கடையிலேயே ஒன்று போட்டுத் தந்தால் எவ்வளவு என்று கேட்டோம். 2,200 என்றார்கள். பில்லில் தனியாக எழுதி, அதனால் வாரண்டி போகாது என்று முதலாளியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு போடச் சொன்னோம். ரேமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று ஜாதி உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. ஆதலால் தெரிந்தவர் கையால் போடுவதே நல்லது.

இந்த இடத்தில் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவும் மகனுக்கு அதே மாடல் வாங்கினார். அவரிடம் நான், "ஸ்லாட் காலியா இருக்குல்லக்கா, ரேமை அடுத்த வருஷம் போட்டுக்கலாம், அவசரமில்லை" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. ஏ.ஐ. ஏ.ஐ. என்கிறார்களே, அதற்காகப் பெரிய பெரிய கம்பெனிகள் மெமரி சிப்பை வாரிக்கொண்டு போனதால் நம் மாதிரி ஆட்களுக்கு வந்தது குறைந்து போச்சு. எஸ்.எஸ்.டி. விலையும் கூடவே ஏறியது. அக்கா ஜனவரியில் கேட்டபோது, அதே ரேம் நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அதனால், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பது முடியும் என்பதற்குத்தான் உத்தரவாதம், விலைக்கு இல்லை. கட்டாயம் வேண்டும் என்று தெரிந்த ரேமைத் தள்ளிப் போடாதீர்கள்.

மிச்சம் 3,800 ரூபாய் கையில். இப்போதுதான் அந்தத் தம்பி வேகம் எடுத்தது. ஆன்டி வைரஸ், ஸ்கிரீனுக்கு ஒட்டுகிற தாள், கீபோர்டுக்கு ரப்பர் உறை, பெரிய பிராண்டு பை! விண்டோஸிலேயே வைரஸ் தடுப்பு ஒன்று சேர்ந்து வருகிறது, கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்காத பிள்ளைக்கு அது போதும். எக்செல், வேர்டு எல்லாம் விலையில் சேர்த்தியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சேர்ந்தே வந்தது. சில மாடல்களில் விண்டோஸே இருக்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் அதற்கு வேறு செலவு.

பணத்தை நான் போட்டது வாரண்டியில். சாதாரண வாரண்டி ஒரு வருஷம்தான், அதுவும் பொருளில் இருக்கும் குறைக்கு. கீழே போட்டாலும் தண்ணீர் கொட்டினாலும் அதில் சேராது. ஹாஸ்டலில் நடப்பதோ இந்த இரண்டும்தான்! தவறி விழுந்தால், கொட்டினால் சரி செய்து தருவதற்குத் தனியாக ஒரு திட்டம் விற்கிறார்கள். இன்னும் இரண்டு வருஷ வாரண்டியும் அதுவும் சேர்த்து 3,600 ரூபாய். வாங்கின சில நாட்களுக்குள் எடுத்தால்தான் உண்டு, அப்புறம் கேட்டால் கிடைக்காது. அதாவது இதுவும் மாற்ற முடியாத பக்கத்தில் எழுத வேண்டியது. ஆள் ஹாஸ்டலுக்கே வருவார்களா, நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, வருஷத்துக்கு எத்தனை தடவை, பேட்டரி சேர்த்தியா என்று கேளுங்கள். திருட்டு பெரும்பாலும் சேராது. பில்லில் லேப்டாப் சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பெட்டியோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். ஏதாவது தகராறு வந்தால் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து மத்திய அரசின் நுகர்வோர் உதவி மையத்தில் சொல்லலாம்.

மொத்தம் 49,800. மிச்சமிருந்த 200-ல் நாலு பேரும் ஆளுக்கொரு எலுமிச்சை ஜூஸ் குடித்தோம், ஆட்டோவுக்கு இவர் கொடுத்தார்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பின வாரமே போன் வந்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணின் லேப்டாப்பில் காப்பி கொட்டிவிட்டதாம். உடனே ஆஃப் செய்யாமல், துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டியிருக்கிறாள். கீபோர்டும் போர்டும் போய், 11,000 ரூபாய் பில். அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லை, அம்மா தையல் வேலை. எனக்கு மனசு கேட்கவில்லை. சின்னவளிடம் அன்றைக்கே சொன்னேன், உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். ஏதாவது கொட்டினால் முதலில் சார்ஜரைப் பிடுங்கு, பட்டனை அழுத்தி ஆஃப் செய், கவிழ்த்து வை. எழுகிறதா என்று சோதித்துப் பார்க்காதே. முடி காய வைக்கிற சூட்டைக் காட்டாதே. அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு போ. நம் வீட்டு லேப்டாப்புக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. திருஷ்டி கழிய வேண்டும்!

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை மடியிலும் மெத்தையிலும் வைத்து வேலை செய்தால், காற்று போகிற துவாரம் அடைத்து அது சூடாகும். குனிந்து குனிந்து கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். அதற்கென்று ஸ்டாண்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் பூஜைக்கு உட்காருகிற பழைய மணைப் பலகை ஒன்று சும்மா கிடந்தது. அதை மேஜை மேல் வைத்து, 500 ரூபாயில் தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். லீவில் வரும்போது அப்படித்தான் உட்காருகிறாள். ஹாஸ்டலில் இரண்டு தடிப் புத்தகம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார் என்று கண் டாக்டர்கள் சொல்வதையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாளாம். பார்க்கிறாளா என்பது வேறு விஷயம். சார்ஜர் மூன்று பின் என்றால், எர்த் உள்ள மூன்று ஓட்டைப் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். இரண்டு பின் அடாப்டரைச் செருகி மாட்டினால், தகர உடம்பு லேப்டாப்பில் கையை வைக்கும்போது சுரீர் என்று ஒரு கூச்சம் தெரியும். அது லேப்டாப்பின் குறை இல்லை, எர்த் இல்லாத குறை.

கடையிலிருந்து வந்த அன்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரியவன் அடுப்படி வாசலில் தட்டோடு நின்று, அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படி ஒரு தாள் எழுதி எடுத்துட்டுப் போயிருக்கலாம்லம்மா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தத் தடவை அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தானே, என்ன சொல்ல வந்தே என்று இப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முறுகலாக இன்னொரு தோசை போட்டேன்.

அவனுடைய பழைய லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு எழுதுவதெல்லாம் அதில்தான். ஒரே சமயத்தில் இரண்டு வேலை கொடுக்காமல் இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது.